கைவேலை கார்னர்: கழற்ற முடிஞ்சா நூறு வயசு!

இந்த வாரம் அமெரிக்காவோட வடகிழக்கு மூலைக்குப் போறோம். மெய்ன் மாநிலம். திரும்பின பக்கமெல்லாம் ஏரி, ஆறு, காடு. அந்த ஊர் மக்களின் செல்லப்பிள்ளை 'கனூ'ங்கிற மரத்தோணி. ஒல்லியா, ரெண்டு முனையும் கூரா இருக்கும். ஒற்றைத் துடுப்பு போட்டு ஓட்டணும்.

1920-களில் செஞ்ச கனூக்கள் சிலது இன்னிக்கும் தண்ணியில ஓடுது. அப்படி என்ன ஸ்ட்ராங்கான மரம்னு கேட்கிறீங்களா? சுமார் 4 மில்லிமீட்டர் கனத்தில் சீடர் பலகை, மேல ஒரு துணி. அவ்வளவுதான்! நம்ப முடியலைல்ல? அந்த ரகசியம்தான் இந்த வார மேட்டர்.

தோணிக்கு ஒரு சட்டை

இதுக்கு முன்னோடி, பெனாப்ஸ்காட் போன்ற பூர்வகுடி மக்களின் பிர்ச் மரப்பட்டைத் தோணி. பட்டை கிழிஞ்சா ஒட்டுப் போட்டு, ஸ்ப்ரூஸ் மர வேரால் தைச்சு, பிசின் பூசி அடைச்சுடுவாங்க. போற வழியிலேயே ரிப்பேர்!

1870-களில் மெய்ன் பக்கத்துத் தச்சர்கள் பட்டைக்குப் பதிலா கேன்வாஸ் துணியைப் பிடிச்சாங்க. உள்ளே விலா எலும்பு மாதிரி வளைஞ்ச சட்டங்கள், அதுக்கு மேல பலகை, அதுக்கும் மேல இழுத்துப் போர்த்திய துணி. தண்ணியைத் தடுக்கிறது பலகை இல்லை, பெயின்ட் அடிச்ச அந்தத் துணிதான். சில பத்து வருஷத்துல துணி வெடிச்சுடும். வெடிக்கட்டுமே! சட்டை கிழிஞ்சா ஆளையா மாத்துறோம்?

ரிப்பேர் இப்படித்தான்

முதல்ல விளிம்புச் சட்டங்களின் ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய துணியை உரிக்கணும். உள்ளே கறுத்துப் போன வார்னிஷை ரிமூவர் தடவிக் கழுவி எடுக்கணும். சும்மா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா, 4 மில்லிமீட்டர் பலகையில மிச்சம் என்ன இருக்கும்?

அடுத்து உடைஞ்ச விலாச் சட்டங்கள். புதுச் சட்டத்தை நீராவியில வேக வைக்கணும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம்னு ஒரு கைக்கணக்கு உண்டு. இந்தச் சட்டம் 8 மில்லிமீட்டர்தான், இருபது நிமிஷம் போதும். வெளியே எடுத்ததும் சில நொடிகள்ல வளைச்சுடணும். ஆறினா பிடிவாதம் பிடிக்கும்.

பிறகு பித்தளை ஆணி. வெளியே ஒருத்தர் சுத்தியலால் அடிக்க, உள்ளே இன்னொருத்தர் இரும்புக் கட்டையை அணைச்சுப் பிடிக்கணும். இரும்பில் மோதிய ஆணி முனை, தூண்டில் முள் மாதிரி வளைஞ்சு மரத்துக்குள்ளேயே திரும்பிடும். பசை, கிசை எதுவும் கிடையாது.

இப்ப புதுத் துணி. நீளவாக்கில் மடிச்சு ரெண்டு முனையையும் இழுத்துக் கட்டி, தூளியில குழந்தையைப் போடுற மாதிரி தோணியை உள்ளே போடுவாங்க. நல்லா இழுத்து, விளிம்பு முழுக்க ஆணி அடிப்பாங்க. துணியோட கண்களை அடைக்க எண்ணெயும் சிலிக்கா பொடியும் சேர்ந்த கலவையைத் தேய்ச்சுட்டு, வாரக்கணக்கில் காய விடணும். அதுக்கப்புறம்தான் பெயின்ட். அவசரக்காரங்களுக்கு இந்த வேலை ஆகாது!

ஒரேடியா மூடினவங்க

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, விமானம் செஞ்ச க்ரம்மன் கம்பெனி அலுமினிய கனூ விற்க வந்தது. பிறகு ஃபைபர் கிளாஸ். மரத்தோணி வைச்சிருந்த பலர், 'இனி துணி மாத்துற தொல்லையே வேணாம்'னு மரத்து மேலேயே ஃபைபர் கிளாஸை ஒட்டிட்டாங்க.

அங்கதான் சிக்கல். மரம் ஈரத்துல உப்பும், வெயில்ல சுருங்கும். ஃபைபர் கிளாஸ் அசையாது. இடையில விரிசல் விட, தண்ணி புகுந்து மரம் உளுத்துடும். ஒரு சட்டத்தை மாத்தலாம்னா, ஆணித் தலையெல்லாம் ஃபைபருக்கு அடியில! சூடு காட்டி உரிச்சா, கூடவே மரமும் பிய்ஞ்சு வரும். நிரந்தரத் தீர்வுன்னு செஞ்சது ரிப்பேருக்கே வழியை அடைச்சிடுச்சு.

அப்புறம் ராயலெக்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் வந்தது. பாறையில மோதினாலும் தாங்கும். ஆனா 2014-ல் அதோட உற்பத்தியே நின்னு போச்சு. மரக் கனூவுக்கு அந்தக் கவலை இல்லை. மரம், துணி, பித்தளை ஆணி கிடைக்கிற வரை உயிர் இருக்கு. 1979-ல் தொடங்கிய 'வுட்டன் கனூ ஹெரிடேஜ் அசோசியேஷன்' இந்தக் கைவேலையைக் காப்பாத்திட்டு வருது. ஓல்டு டவுன் கம்பெனியின் பழைய கனூ முனையில் சீரியல் நம்பர் குத்தியிருக்கும். அதை வைச்சு என்ன மரம், என்ன கலர், எந்தத் தேதியில அனுப்பினாங்கன்னு பழைய பதிவேட்டுல தேடலாம். தோணிக்கே ஜாதகம் இருக்கு பாஸ்!

உங்க டேபிளுக்கு வருவோம்

பேட்டரியைப் பசை போட்டு ஒட்டின போன்களோட வாழறோம். அதனால அடுத்த ப்ராஜெக்ட் டிசைன் பண்றப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இதுல முதல்ல தேயப் போறது எது?' அது விலை குறைஞ்சதா, வெளிப்பக்கமா, கழற்ற சுலபமா இருக்கட்டும்.

இன்னிக்கே ஆரம்பிக்கணும்னா, ரூம்ல சுத்தாம கிடக்கிற டேபிள் ஃபேன் போதும். ப்ளக்கைப் பிடுங்கி வைச்சுட்டுத் திருப்பிப் பாருங்க. ஸ்க்ரூ தெரியுதா? அப்ப அதுக்கு இன்னும் ஆயுசு இருக்கு.

அடுத்த வாரம் பார்க்கலாம்!