அந்தச் சாலையும் ஒரு நினைவுச்சின்னமே



உங்கள் இதழில் வந்த, கேரவன் வேனில் ஆஸ்திரேலியாவின் 'கிரேட் ஓஷன் ரோடு' முழுக்கச் சுற்றிய தம்பதியின் கட்டுரையை நானும் கணவரும் சேர்ந்தே படித்தோம். நாங்களும் அப்படிப் போய்வந்தவர்கள்தான். சாலை தொடங்கும் டார்க்கேயிலிருந்து மேற்கே போனால் கடல் நம் இடப்பக்கமே வரும். வண்டிகள் இடதுபுறம் போகும் நாடு என்பதால் நடுவில் எதுவும் மறைக்காது. லார்ன் என்ற ஊரைத் தாண்டியதும் ஒரே வளைவுகள். அலமாரிக்குள் எவர்சில்வர் டம்ளர்கள் கிலுகிலுத்துக்கொண்டே வந்தன. பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால், ஒதுங்குமிடம் பார்த்து வழிவிடுவதுதான் முறை.

ஆனால் கட்டுரையில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், மாண்ட தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பாறையைக் குடைந்து போட்ட சாலை அது. வழியில் ஈஸ்டர்ன் வியூவில் உள்ள தோரண வளைவருகே அவர்களுக்குச் சிலை இருக்கிறது. எல்லாரும் 'பன்னிரு அப்போஸ்தலர்' பாறைகளைப் பார்க்கவே விரைகிறார்கள். அவை கடலில் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள்; அலை அரித்து 2005-இல் ஒன்று சரிந்தது. அவற்றைப் படமெடுக்க ஓடும் முன், அந்தச் சிப்பாய்களின் சிலையருகே பத்து நிமிடமாவது வண்டியை நிறுத்துங்கள் என்று அடுத்த இதழில் எழுத வேண்டுகிறேன்.

— ஒரு வாசகி, திருச்சி