தாய்மார் பக்கம்: கை நீட்டும் கோபமும் சிகரெட்டும்



புருஷன் பெண்டாட்டியை அடித்தால் லயமே கூடி நியாயம் பேசும். பெண்டாட்டி புருஷனை அடித்தாலோ அதே லயம் சிரிக்கும். யார் அடித்தாலும் அடி அடிதான். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, கணவனுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

அமெரிக்காவில், துணைவரைத் தாக்கியதற்காக நீதிமன்றம் ஆலோசனை வகுப்புக்கு அனுப்பிய பெண்களை ஆராய்ந்தார்கள். மற்றப் பெண்களைவிட அவர்களிடம் சிகரெட் பழக்கம் கூடுதலாக இருந்தது. சிகரெட்தான் அடிக்க வைத்தது என்று இதற்குப் பொருளல்ல. குடி, மனச்சோர்வு, தாங்களே பட்ட அடி என்று பலருக்கு வேறு காரணங்களும் இருந்தன.

"ஒரு சிகரெட் பிடித்தால்தான் கோபம் அடங்குகிறது" என்பார்கள். உண்மை என்ன? இரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடனே எரிச்சல் தலை தூக்கும். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத்தான் தணிக்கிறது. தானே வைத்த நெருப்பைத் தானே அணைத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது!

நம்மிடையே புகைக்கும் பெண்கள் மிகக் குறைவு. அதனாலேயே ஒளித்துப் பிடிக்கிறார்கள். உதவி கேட்கவும் கூசுகிறார்கள். கூச வேண்டாம், சகோதரி! அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் புகையை நிறுத்த ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன.

விட்ட முதல் 3 நாட்கள்தாம் கடினம். சள்ளென்று கோபம் வரும். எந்த நாளில் விடப் போகிறீர்கள் என்று கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசுப் பேச்சு, மாமியார் பேச்சு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். கை துறுதுறுத்தால் வாசலுக்கு வந்துவிடுங்கள். 2 முதல் 4 வாரத்தில் எரிச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும். புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன என்று 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது.

ஆனால், சிகரெட்டை விட்டால் மட்டும் கை அடங்கிவிடாது. அடித்த குற்றத்தைப் புகையின் தலையில் கட்டவும் கூடாது. அதற்குத் தனியே ஆலோசனை பெற வேண்டும். நீங்களே அடிபடுகிறவராக இருந்தால், 15999 என்ற அரசாங்க உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அடிபடும் கணவரும் அழைக்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்பா அடிப்பதையும் பிள்ளை பார்க்கிறது. அம்மா அடிப்பதையும் பார்க்கிறது. நாளை அதன் வீட்டிலும் அதுவே நடக்க வேண்டுமா? யோசியுங்கள், தாய்மார்களே!