கோவலனுக்காக வாதாட ஒருவர்

அடைக்கலம் நாடி வந்தோருக்குக் கட்டணமின்றி வாதாடும் வழக்கறிஞர்கள் சட்டமீறலுக்குத் துணைபோகின்றனர் என்பர் சிலர். பொருந்துமா இக்கூற்று?

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. எனவே உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவரும் இங்குக் கள்ளக்குடியேறியே. 5 ஆண்டுவரை சிறையும் 10,000 வெள்ளிவரை அபராதமும் 6 வரை பிரம்படியும் விதிக்கக் குடிநுழைவுச் சட்டம் இடந்தருகிறது. மொழியறியா ஒருவர் அதன்முன் தனித்து நிற்பதா?

கைதான எவரும் வழக்கறிஞர் துணை பெறலாம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி. குடிமக்கள் மட்டும் என்று அது கூறவில்லை. காசில்லாதவருக்கோ அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காய். அதைக் கறியாக்குவோர் இத்தொண்டர்களே. அவர்கள் சட்டத்தை முறிக்கவில்லை, நிறைவேற்றுகின்றனர்.

மதுரையில் கோவலனும் அயலூரானே. முறையான விசாரணையின்றி வெட்டுண்டான். கண்ணகி வழக்குரைத்ததோ அவன் மாண்ட பின்னர். சிலம்பைக் கற்பிப்போரும் கற்போரும் இதை மறக்கலாமா?