டாக்சி பிடிக்கும் ஏஜென்ட்டுக்கு யார் சொல்லித் தருவது?

மேற்கு வங்க அரசின் 'யாத்ரி சாத்தி' செயலி 2023-ல் கொல்கத்தாவுக்கு வந்தது. தனியார் நிறுவனங்களின் கமிஷன் பிடிக்குள் சிக்காமல் மஞ்சள் டாக்சிக்காரர்களும் பிழைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த செயலி அது. பெங்களூரின் 'நம்ம யாத்ரி' செயலி, ஓஎன்டிசி என்னும் மின்வணிக வலையமைப்பு ஆகியவற்றைப் போலவே இதற்கும் அடித்தளம் பெக்கென் என்னும் திறந்த நெறிமுறை. விதிகளைப் பின்பற்றும் எந்த மென்பொருளும் அந்த வலையில் வண்டி கேட்கலாம் என்பது அதன் சிறப்பு.

அப்படிக் கேட்கும் மென்பொருள் இனி ஏஐ ஏஜென்ட்டாகவும் இருக்கும். "காலை ஆறு மணிக்கு ஹவுரா ஸ்டேஷன் போகணும்" என்று போனில் சொன்னால் போதும். தேடுவது, விலை பார்ப்பது, பதிவு செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. மிகையாகத் தோன்றினால், 2025 அக்டோபரை நினைத்துக்கொள்ளலாம். சாட்ஜிபிடிக்குள்ளிருந்தே யுபிஐ மூலம் பணம் செலுத்தும் சோதனையை என்பிசிஐ, ரேசர்பே, ஓபன்ஏஐ மூன்றும் சேர்ந்து அப்போதே அறிவித்துவிட்டன.

சிக்கல் எங்கே வரும் என்று பார்ப்போம். பெக்கென் முறையில் 'கன்ஃபர்ம்' என்று கோரிக்கை அனுப்பியதும் 'ஆக்' என்று ஒரு பதில் உடனே வந்துவிடும். கோரிக்கை வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. வண்டி உண்டா இல்லையா என்பது பிறகு 'ஆன்-கன்ஃபர்ம்' என்ற தனிச் செய்தியாக வரும். நெறிமுறையை எழுதியவர்களுக்கு இது பாலபாடம். ஆனால், ஏஜென்ட்டின் கையில் கொடுக்கும் கருவியின் விளக்கத்தில் 'இது டாக்சியைப் பதிவு செய்யும்' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், 'ஆக்' வந்த கையோடு "வண்டி தயார்" என்று அது சொல்லிவிடக்கூடும். அதை நம்பி ஷியாம்பஜார் முனையில் பெட்டியோடு நிற்கும் முதியவருக்கு ரயில் போய்விடும். பணம் செலுத்துவதிலும் இதே ஆபத்துதான். 'நிலுவை' என்ற நிலையைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஏஜென்ட் மறுபடி முயன்றால், இரண்டு முறை பணம் போகலாம்.

மனிதர் திரையைப் பார்த்துச் சந்தேகப்படுவார். அரைகுறைக் கையேட்டையும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு நிரப்பிக்கொள்வார். ஏஜென்ட்டுக்கு எழுதி வைத்ததுதான் உலகம். எழுதாத இடத்தில் அது தயங்கி நிற்பதில்லை, ஊகிக்கிறது. 2024-ல் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவற்றைச் சொல்ல ஒரு பொது முறையைக் கொடுத்தது. தகவலை வாசிக்க மட்டும் செய்கிறதா, எதையாவது மாற்றவோ அழிக்கவோ செய்யுமா என்று குறிக்கவும் அதில் இடம் உண்டு. அந்தக் கட்டங்களை நேர்மையாக நிரப்புவது யார் என்பதை எந்த நெறிமுறையாலும் தீர்மானிக்க முடியாது. இது நிரல் எழுதுபவர் மட்டும் செய்து முடிக்கிற வேலையும் இல்லை.

கொல்கத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காமக் தெருவின் பெயர் இன்று அபனீந்திரநாத் தாகூர் சரணி. ஹாரிசன் ரோடு மகாத்மா காந்தி ரோடாகி எத்தனையோ காலமாயிற்று. வாயில் ஒரு பெயர், பலகையில் இன்னொன்று. சால்ட் லேக்கும் பிதான்நகரும் ஒரே இடம்; ஆனால் பிதான்நகர் ரோடு ரயில் நிலையம் இருப்பது உல்டாடாங்காவில். மதியத்துக்கு மேல் திசை மாறும் ஒருவழிச் சாலைகள் வேறு. இதெல்லாம் டாக்சிக்காரருக்கு அத்துப்படி. உதவி மையத்தில் தினமும் புகார் கேட்பவருக்கு, எந்த இடத்தில் பயணிகள் குழம்புகிறார்கள் என்பது தெரியும். இவர்களுடைய அறிவு கருவியின் கையேட்டுக்குள் வர வழி செய்யாமல், 'ஏஐ தவறு செய்துவிட்டது' என்று பின்னால் புலம்புவதில் நியாயமில்லை.

இதில் முதல் பங்கு அரசுத் துறையினுடையது. மென்பொருள் வாங்கும் டெண்டரிலேயே, ஏஜென்ட்டுக்கான கையேடும் ஒப்படைக்க வேண்டிய பொருள் என்று எழுதட்டும். திரும்பப் பெற முடியாத செயல் எது, எதற்குமுன் பயணியின் சம்மதம் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற மூன்றும் அதில் இல்லையென்றால் பில்லை நிறுத்தி வைக்கலாம். நிறுவனம் நிரலை மாற்றும் நாளிலேயே கையேட்டையும் மாற்ற வேண்டும். பழைய கையேடு, கையேடே இல்லாததைவிட மோசம். கையேடு எழுதும் இடத்தில் ஓட்டுநர் சங்கங்கள் ஆட்களை அனுப்பி உட்கார வைக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலியும் தரப்பட வேண்டும்.

அந்தக் கையேட்டைச் சோதித்துப் பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. 1950-களின் நடுவில் பிரிட்டனிலிருந்து ஹெச்இசி-2எம் கணினியைத் தருவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அதுவும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கைகோத்து, 1966-ல் ஐஎஸ்ஐஜேயூ-1 என்ற கணினியைத் தாங்களே உருவாக்கி இயக்கின. அதே இரு வளாகங்களின் மாணவர்கள் இன்று வங்க மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், ஏன், லேக் மார்க்கெட் பகுதியில் பேசும் தமிழிலும் ஏஜென்ட்டிடம் வண்டி கேட்டு, எங்கே தடுக்கி விழுகிறது என்று பட்டியல் போடலாம். அந்தப் பட்டியலைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்தால் சென்னைக்கும் பெங்களூருக்கும்கூடப் பயன்படும்.

அவ்வப்போது மாறும் தகவலுக்கும் இதே விதிதான். துர்கா பூஜைக்கு ஆண்டுதோறும் கொல்கத்தா காவல்துறை போக்குவரத்து மாற்றங்களை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு மனிதர் படிக்கும் வடிவத்தோடு நிற்காமல், கருவிகள் எடுத்துக்கொள்ளும் வடிவத்திலும் அன்றைக்கே வெளிவர வேண்டும். அதைச் சரிபார்த்த அதிகாரியின் பதவியும் தேதியும் அதில் இருக்கட்டும். அடுத்த பூஜைக்குள் முடிக்கக்கூடிய காரியம்தான்.