நேரம் குறிக்கப்படாத மூச்சு

ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு. அவருடைய மூச்சை அளக்கும் கருவி நம் நாட்டு மருத்துவமனைகளில் இயங்குவதோ, பெரும்பாலும் காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை. இடையிலுள்ள அந்தச் சில மணி நேரத்தில் ஒரு நோயே காணாமற்போய்விடுகிறது. "நார்மல்" என்று எழுதப்பட்ட தாளுடன் நோயாளி வீடு திரும்புகிறார். அன்றிரவே மீண்டும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுகிறார். தாள் சொல்வது உண்மையா, அவர் உடல் சொல்வது உண்மையா என்ற ஐயம் எழும்போது, நம் மருத்துவக் கல்வி தாளின் பக்கமே நிற்கிறது.

இது புதிய அறிவு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தாமே ஆஸ்துமாவால் துன்புற்ற ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளாயர், இந்நோய் இரவில் தாக்குவதை 1698இல் வெளியிட்ட நூலிலேயே பதிவு செய்தார். 1959இல் மார்ட்டின் ரைட் வடிவமைத்த பீக் ஃப்ளோ மீட்டர் வந்தபின், இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணால் சொல்ல முடிந்தது. 1980இல் ஹெட்சலும் கிளார்க்கும் வெளியிட்ட ஆய்வில், உச்ச வெளிமூச்சு வேகத்தின் அன்றாட அலைவு நலமுள்ளோரிடம் சராசரியில் சுமார் 8 விழுக்காடு. ஆஸ்துமா நோயாளிகளிடம் சுமார் 51 விழுக்காடு. நுரையீரலின் திறன் அதிகாலை நான்கு மணியளவில் மிகத் தாழ்ந்தும், மாலை நான்கு மணியளவில் மிக உயர்ந்தும் இருக்கிறது. இந்த அலை எல்லா உடலிலும் உண்டு. ஆஸ்துமா அதைப் பெருக்கிவிடுகிறது.

காரணங்களும் தெரிந்தவையே. இரவில் கார்ட்டிசாலும் அட்ரினலினும் குறைகின்றன. வேகஸ் நரம்பின் ஆதிக்கம் கூடி மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன. படுத்திருப்பதும் தூங்குவதும்தான் காரணம் என்று வாதிட்டோருக்கு, ஃபிராங்க் ஷீரும் ஸ்டீவன் ஷேயும் அவர்களது குழுவினரும் 2021இல் விடையளித்தனர். 17 நோயாளிகளை மங்கிய ஒளியில், வெளியுலக நேரம் அறியாதவாறு வைத்து, தூக்கத்தின் விளைவையும் உயிர்க்கடிகாரத்தின் விளைவையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். உயிர்க்கடிகாரம் தன்னளவிலேயே நுரையீரலைத் தாழ்த்துகிறது என்பது உறுதியாயிற்று. உடலின் இரவுப் பொழுதில் இன்ஹேலரின் தேவை பகலைவிட நான்கு மடங்கு வரை உயர்ந்தது.

பகல் அளவீடு எப்படி ஏமாற்றுகிறது என்பதற்குக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒருவருக்குக் காலை ஆறு மணிக்கு நிமிடத்துக்கு 320 லிட்டர், மாலையில் 420 லிட்டர் எனக் கொள்வோம். வேறுபாடு 100, இரண்டின் சராசரி 370, அலைவு 27 விழுக்காடு. பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வாரச் சராசரி அலைவு 10 விழுக்காட்டைத் தாண்டினாலே அது மிகை என்பது ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான கினாவின் அளவுகோல். இதே நபர் பதினொரு மணிக்கு வந்து 390 ஊதினால், எதிர்பார்க்கப்படும் அளவை ஒட்டியே இருக்கிறார் என்று அறிக்கை அமைதியாகச் சொல்லிவிடும். எண்ணில் பிழை இல்லை. அதைப் படித்த விதத்தில்தான் பிழை.

வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் நெரிகிறது, இரவில் யார் அளப்பது என்பது வழக்கமான மறுப்பு. கூட்டம் உண்மைதான். ஆனால் பீக் ஃப்ளோ மீட்டருக்கு மின்சாரமும் வேண்டாம், தொழில்நுட்பரும் வேண்டாம். காலையும் மாலையும் மும்முறை ஊதி, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ள நோயாளிக்கு ஐந்து நிமிடம் கற்றுத்தந்தால் போதும். 2019ஆம் ஆண்டு உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆஸ்துமா இறப்புகளிலோ 40 விழுக்காட்டுக்கும் மேல். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தி இந்நாடு எதைச் சாதித்தது?

மருத்துவமனையைக் குற்றம் சாட்டுவது எளிது. பல்கலைக்கழகம் தன் முகத்தையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ஓர் அளவீடு, சில வாரப் பயிற்சிக்குப்பின் மாலை மூன்று மணிக்கு இன்னோர் அளவீடு, நடுவே மூச்சுப் பயிற்சியோ மூலிகை மருந்தோ. எண் உயர்ந்ததும் அது சிகிச்சையின் வெற்றி என்று ஆய்வேடு முடிவு கட்டினால், உயர்த்தியது பயிற்சியா, சூரியனா? மறு அளவீடு முந்தைய அளவீட்டு நேரத்திலிருந்து இரண்டு மணிக்குள் அமைவதே நல்லது என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் சங்கங்கள் 2005இலேயே கூறிவிட்டன. கருவியும் தாளின் மூலையில் நேரத்தை அச்சிட்டே தருகிறது. அட்டவணையில் வயது, உயரம், எடை எல்லாம் இடம்பெற, அந்த நேரம் மட்டும் வழியில் உதிர்ந்துவிடுகிறது. அதைக் கேட்காத நெறியாளரும் கேட்காத தேர்வாளரும் இந்தப் பிழையின் பங்காளிகள்.

இந்த அலட்சியத்தின் விலையைத் தொழிலாளரும் தருகிறார்கள். நூற்பாலையில் பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ், ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றிருந்த நோய். பணிக்கு முன்னும் பின்னும் மூச்சை அளந்து வீழ்ச்சியைக் காண்பது அதைக் கண்டறியும் வழிகளுள் ஒன்று. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும் ஷிப்டில், தூசி நுரையீரலைத் தாழ்த்தும் அதே வேளையில் உயிர்க்கடிகாரம் அதை உயர்த்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறைக்க, பாதிப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இரவு ஷிப்டில் கணக்குத் தலைகீழாகி, ஆலைக்கும் அநீதி நேரலாம். அதே ஷிப்டில் தூசி படாத இடத்தில் வேலை செய்வோரையும் அளந்து ஒப்பிடாத எந்த எண்ணும் நீதிக்குச் சான்றாகாது.

உயிர்க்கடிகார ஆய்வு இம்மண்ணுக்கு அந்நியமும் அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் வௌவால்களின் கடிகாரத்தை ஆராய்ந்ததோடு, மனிதர் நேரம் அறியாது தனித்திருக்கும் ஆய்வறையையும் அமைத்தார். 2017இல் இத்துறைக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்திய வளாகங்களும் கைதட்டின.

கைதட்டியவர்கள் செய்ய வேண்டியது எளியது. அறிக்கையை எழுதுமுன் அளந்த நேரத்தைப் பார்க்கட்டும். இரவில் இளைக்கிறது என்று சொல்பவருக்கு, இரண்டு வாரக் காலை மாலைப் பதிவு இல்லாமல் நோயில்லை என்று எழுதாதிருக்கட்டும். அளந்த நேரம் குறிக்கப்படாத நுரையீரல் ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பி அனுப்பட்டும். இதற்கு நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்கு விழித்திருப்பவரின் சொல்லை நம்பும் மனம் இருந்தால் போதும்.