உருவம் தரும் குணம்

சென்ற மாதம் நம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குன்றாண்டார்கோவிலுக்குச் சென்றிருந்தோம். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களிலேயே பலர் அவ்வூரைக் கண்டதில்லை. குன்றின் பாறையைக் குடைந்து கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் அமைத்த சிவன் கோயில் அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் அதன் முன்னே எழுந்த மண்டபம், சக்கரங்களும் குதிரைகளுமாக, ஒரு தேரைப் போலவே சமைக்கப்பட்டிருக்கிறது. அதனை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சிறுவன், "ஸார், தேர் மாதிரி செய்துவிட்டால் கல் ஓடுமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நமக்கோ சிரிப்பு வரவில்லை. கல் ஓடாது என்பது மெய்தான். ஆனால் நம் உடலைக் கட்டியிருக்கும் உயிரணுக்களின் விஷயம் வேறு. அவற்றின் உருவத்தை மாற்றினால் அவற்றின் தொழிலும் மாறிவிடுகிறது.

வகுப்பில் நாம் ஆண்டுதோறும் சொல்லிவந்த பாடம், தொழிலுக்கு ஏற்ற உருவம் என்பதே. நரம்பணு சேதியை நெடுந்தூரம் கொண்டு செல்ல வேண்டும், ஆகையால் நீண்டிருக்கிறது. சிவப்பணு மெல்லிய குழாய்களில் நுழைந்து செல்ல வேண்டும். ஆகையால் வளைந்து கொடுக்கும் வட்டத் தட்டாக இருக்கிறது. இது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மைதான்.

மறு பாதியை விளக்க ஒரு பரிசோதனையைச் சொல்வோம். 1997-ல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் சென், டொனால்ட் இங்பர் முதலியோர், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல், ஒரு தகட்டின்மேல் அணுக்கள் ஒட்டிக்கொள்ளக்கூடிய புரதத்தால் நுண்ணிய திட்டுக்களை அச்சிட்டார்கள். இரத்தக் குழாயின் உட்சுவர் அணுக்களை அவற்றின்மேல் விட்டார்கள். பெரிய திட்டில் பரந்து படுத்த அணு வளர்ந்தது. சிறிய திட்டில் உருண்டு ஒடுங்கிய அணு மாண்டது. இரண்டுக்கும் ஊட்டிய ஆகாரம் ஒன்றே.

"பெரிய திட்டில் பிடிப்பு அதிகம், அதனால் பிழைத்தது" என்று நேயர்கள் ஆட்சேபிக்கலாம். அதற்கும் அவர்கள் வழி செய்திருந்தார்கள். ஒட்டும் இடத்தின் மொத்தப் பரப்பைக் கூட்டாமலே, அதைப் பல சிறு புள்ளிகளாகப் பிரித்து, இடைவெளி விட்டு வைத்தார்கள். அணு புள்ளிக்குப் புள்ளி கால் வைத்துப் பரந்து நின்றது. பிழைத்து வளரவும் செய்தது. ஆகவே அதன் வாழ்வைத் தீர்மானித்தது பிடித்த இடத்தின் அளவு அன்று, கொண்ட உருவமே. 2004-ல் சென் குழுவினர் மனிதனின் மூல அணுக்களை இவ்வாறே வளர்த்தபோது, பரந்து நின்றவை எலும்பணுவாகும் வழியிலும், உருண்டு நின்றவை கொழுப்பணுவாகும் வழியிலும் சென்றன.

இது எப்படி நடக்கிறது? உயிரணு வெறும் நீர்ப்பை அன்று. முளையடித்துக் கயிறு கட்டிய கூடாரம் போன்றது. ஆக்டின் என்னும் இழைகளே கயிறுகள். அவற்றை இழுப்பது மயோசின். நம் தசையைச் சுருக்குவதும் இந்த வகைப் புரதங்களே. அணு பரந்தால் இழுப்பு மிகும். அந்த இழுப்பு உட்கருவரை எட்டும். உட்கருவுக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. நூல் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உட்கரு தட்டையாகும்போதும் உருளும்போதும் அம்மடிப்புகள் இடம் மாறுகின்றன. ஏட்டின் எழுத்து மாறுவதில்லை. திறந்திருக்கும் பக்கம் மாறுகிறது.

பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் ஆராய்ச்சி செய்து, பின்னர் சிங்கப்பூர் சென்ற ஜி. வி. சிவசங்கர் இத்துறையில் பேர் பெற்றவர். அவருடைய குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வியப்புக்குரியது. எலியின் இணைப்புத் திசு அணுக்களை நீள்சதுரத் திட்டுக்களில் அடைத்து வளர்த்தார்கள். வேறு எதையும் புகுத்தாமலே, 10 நாளில் அவை தம் பழைய தொழிலின் அடையாளங்களை இழந்து, மூல அணுவின் இலக்கணங்களைக் காட்டலாயின.

பரிசோதனைச் சாலையில் அணுவுக்கு மனிதன் கொடுக்கும் உருவத்தைக் கருப்பையில் இயற்கையே கொடுக்கிறது. கருவுற்ற மூன்றாம் வாரத்தில் சிசுவின் முதுகுப் புறத்தில் ஓர் அணுத் தகடு தோன்றுகிறது. அதில் சில அணுக்கள், பாட்டியின் சுருக்குப் பையை இழுத்தாற்போல, ஒரு முனை ஒடுங்கி ஆப்பு வடிவம் கொள்கின்றன. உடனே தகடு வளைகிறது. விளிம்புகள் கூடிக் குழாயாகின்றன. அக்குழாயே பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிறது. ஏறக்குறைய 28-ஆம் நாளுக்குள் அது மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் குழந்தை கால் விளங்காமல் பிறக்கக்கூடும். மூளை உருவாகாமல் இறந்துபோகவும் கூடும்.

அந்த நாட்களில் தாய்மார் பலருக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. அணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் என்னும் விட்டமின் இக்குறையைப் பெருமளவு தடுக்கிறது என்பது 1991-ல் வெளியான பரிசோதனையால் ஊர்ஜிதமாயிற்று. கீரையிலும் பயறிலும் அது உண்டு. ஆயினும் தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே உட்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் யோசனை. மசக்கை கண்ட பிறகு தொடங்கினால் அக்குழாய் மூடும் காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். ஆகவே புதுமணப் பெண் உள்ள வீட்டில் பெரியவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படலாகாது.

ஊர் திரும்பிய மறுநாள் வகுப்பில் அச்சிறுவனுக்கு இதையெல்லாம் விளக்கினோம். கரும்பலகையில், "தொழிலுக்கு ஏற்ற உருவம்" என்ற பழைய வாக்கியத்தின் கீழே, "உருவத்துக்கு ஏற்ற தொழில்" என்றும் எழுதிவைத்தோம். இவ்வளவு நாள் அதை எழுதாமல் விட்டது நம் குறையே.