ஒளிச்சுப் பத்தினால் அது மரியாதையா?

செத்தவீட்டுக்குப் போனால் எங்களைப் போன்ற பெடியளுக்கு முதல் கிடைக்கிற வேலை தட்டம் நீட்டுறது. வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, சுருட்டு எல்லாம் அடுக்கி, பந்தலுக்குள்ள இருக்கிற பெரியாக்களிட்டக் கொண்டுபோகவேணும். போன மாசம் கிளிநொச்சியில எங்கட ஊரில ஒரு செத்தவீடு. இறந்தவருக்கு வாய்ப்புற்றுநோய். கடைசி நாட்களில கஞ்சிகூட விழுங்கேலாமல் கிடந்தவர். அவரின்ர பெட்டிக்குப் பக்கத்திலதான் நாங்கள் அந்தத் தட்டத்தோட நிண்டம். ஒருத்தருக்கும் ஒண்டும் உறுத்தேல்ல. எங்களுக்கும்தான்.

அண்டைக்கு இரவு நாங்கள் கதைச்சதில இருந்துதான் இந்தக் கட்டுரை.

சுருட்டுக்கு எங்கட ஊர்களில எழுதாத விதியள் இருக்கு. அப்பாவுக்கு முன்னால பத்தக்கூடாது. வாத்தியாரைக் கண்டால் கையைப் பின்னுக்குக் கொண்டுபோகவேணும். கலியாணம் முடிஞ்சால் கொஞ்சம் சலுகை, பேரப்பிள்ளை கண்டால் முழுச் சுதந்திரம். அம்மம்மா திண்ணையில இருந்து பத்தலாம். பேத்தி பத்தினால் ஊர் தாங்காது. இந்த விதியளில ஒண்டாவது நெஞ்சைப் பற்றியோ வாயைப் பற்றியோ சொல்லுதா? இல்லை. ஆர், ஆருக்கு முன்னால எண்டதுதான் முழுக் கணக்கும்.

'எனக்கு முன்னால பத்தாதை' எண்டு சொல்லுற அதே மாமாதான் பத்து வயசில எங்களைக் கடைக்கு அனுப்பி சுருட்டு வாங்குவிச்சவர். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்லுது. எங்கட சந்திக் கடையில அந்தச் சட்டம் 'மாமாவுக்குத்தானே' எண்ட ஒரு சொல்லோட முடிஞ்சுபோகும்.

'இது எங்கட பாரம்பரியம்' எண்டு சிலர் சொல்லுவினம். புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் கடல் தாண்டி வந்த பிறகுதான் அது எங்கட மண்ணுக்கு வந்தது. ஒல்லாந்தர் காலத்தில யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறினது. பிறகு தென்னிலங்கை நகரங்களில யாழ்ப்பாணத்தாரின்ர சுருட்டுக்கடைகள் வந்தன. ஆக இது சில நூறு வருச வியாபாரம். அதால எத்தினையோ குடும்பம் சாப்பிட்டது உண்மை. அதுக்காக அது கேள்வி கேக்கேலாத சடங்கு ஆகிவிடாது. தோளில துண்டு போடக்கூடாது எண்ட சாதி விதியும் ஒரு காலத்தில மரியாதை எண்ட பேரிலதான் இருந்தது.

பெரியாக்களை நாங்கள் பழிக்கேல்ல. பன்றிக்கும் யானைக்கும் காவலாக இரவிரவாக வயலில முழிச்சிருந்தவைக்கு அந்த நெருப்புத்தான் துணை. 2009இல் எல்லாத்தையும் விட்டிட்டு வந்து, செட்டிகுளம் முகாமில கூடாரத்துக்குள்ள இருந்த அப்பப்பாமாருக்குக் குறைச்சுருட்டு ஒரு ஆறுதல். அது எங்களுக்கு விளங்குது. ஆனால் ஆறுதல் தந்த சாமான்தான் ஆளையும் கொண்டுபோகுது. இலங்கையில ஆண்களுக்கு அதிகம் வாற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை மட்டுமில்லை, பாக்குத் தனியவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில சொல்லியிருக்கு.

ஒளிக்கிற பழக்கத்தின்ர உண்மையான விலை வேற. சுருட்டை ஒளிக்கப் பழகினவன் மாவா பாக்கையும் ஒளிப்பான். வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு வந்தாலும், வாய் முழுக்கத் திறக்கேலாமல் போனாலும் வீட்டில வாய் திறக்கமாட்டான். சொன்னால் முதல் வாறது 'எப்ப இருந்து பழகினனி?' எண்ட அடி. ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண் எண்டால் பல் வைத்தியரிட்டக் காட்டவேணும். மரியாதை எண்ட விதி அந்த ரெண்டு கிழமையை ரெண்டு வருசம் ஆக்குது.

அப்ப நாங்கள் அப்பாவுக்கு முன்னால இருந்து பத்தினால் புரட்சியா? அதுவும் இல்லை. அப்பிடிச் செய்தால் தட்டம் பெருக்குமே தவிர வேற ஒண்டும் மாறாது. நாங்கள் கேக்கிறது சின்ன விசயங்கள். சின்னப் பிள்ளையளைக் கடைக்கு அனுப்பாதேங்கோ. பழகிப்போட்டம் எண்டு ஒருத்தன் சொன்னால் அடிக்க முதல் கேளுங்கோ. செத்தவீட்டுத் தட்டத்தில இருந்து சுருட்டையும் புகையிலையையும் எடுங்கோ. வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுத்தாலும் அது மரியாதைதான்.

போன கிழமை அதே வீட்டில முப்பத்தோராம் நாள். 'இந்த முறை சுருட்டு வைக்கவேண்டாம்' எண்டு இறந்தவரின்ர மகளே சொல்லிப்போட்டா. ஒரு ஐயா முணுமுணுத்தார். பிறகு மடியில இருந்த தன்ர சுருட்டை எடுத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் பந்தலுக்குப் பின்னால போனார். இவ்வளவு நாளும் நாங்கள் ஒளிச்ச இடத்துக்குத்தான்.